இரண்டு இடது கொம்புகள்

நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு மானைச் சுட்டேன். அதற்குக் கொம்பு கிடையாது. ஆனால் ரேஞ்சரிடம் நான் இரண்டு கொம்புகளை ஒப்படைத்தேன். இரண்டும் இடப்பக்கத்துக் கொம்புகள். இதனால் ஒருவருடைய வேலை போயிற்று. அந்த ஒருவர் நான் இல்லை. சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இவ்வளவு சுருக்கமாகச் சொன்னால் ஏதோ தற்செயலாக நடந்தது போல் தோன்றும் என்பதால், நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

என் அப்பா ரயில்வே உத்தியோகத்துக்காக மைசூருக்கு வந்தவர். நான் அங்கேயே பிறந்து அங்கேயே பி.ஏ. தேறினேன். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பரீட்சையில் இங்கிலீஷ். பிறகு கோயம்புத்தூரில் இரண்டு வருஷம் காடு பற்றிப் படித்தேன். மரங்களின் லத்தீன் பெயர்கள் நூற்றைம்பது எனக்கு மனப்பாடம். எந்தப் பெயர் எந்த மரத்துக்கு என்று நேரில் பார்த்துச் சொல்வதில்தான் கொஞ்சம் தடங்கல். மகாராஜா அரசாங்கத்தில் பாரஸ்டர் வேலை கிடைத்தது. மைசூருக்குத் தெற்கே ரயில் முடிகிற ஊரிலிருந்து பன்னிரண்டு மைல் தள்ளி ஒரு கூப்புக்கு அனுப்பினார்கள். மொத்தமாக வெட்டுவதற்கென்று அளந்து விட்ட காட்டுத் துண்டுக்குக் கூப்பு என்று பெயர். யுத்த காலம். நிலக்கரி சரியாக வராததால் ரயில் எஞ்சினுக்கும் விறகு, மைசூர் நகரத்து அடுப்புகளுக்கும் விறகு. அதற்கு முந்தின வருஷம் வரை காடாக இருந்த இடத்தில் நான் போனபோது அடிக்கட்டைகள்தான் நின்றன.

வெட்டி முடித்த கூப்பில் நிழலே இருக்காது. முழங்கால் உயரத்தில் அடிக்கட்டைகள், நடுவே ஆள் உயரத்துக்குக் குவித்துப்போட்ட காய்ந்த கிளைகள், வண்டித் தடங்கள். ஒரு மழை விழுந்ததும் அடிக்கட்டைகளைச் சுற்றிச் சிவப்பாகத் துளிர் விடும். அந்தத் துளிர்தான் அடுத்த காடு. புள்ளிமான்களுக்கும் அந்தத் துளிர்தான் வேண்டும். பெருங்காட்டில் தேடித் தேடி மேய்கிறவை இங்கே வரிசையாகப் பந்தியில் உட்கார்ந்தது போல் மேயும். ஆகவே துளிரைக் காப்பதற்காகக் கூப்புக்குள் வரும் கிடா மானில் மாதத்துக்கு ஒன்றைச் சுடலாம் என்று பாரஸ்டருக்கு அனுமதி உண்டு. கொம்பு முற்றிய கிடாவாக இருக்க வேண்டும். பெட்டையைத் தொடக்கூடாது. சுட்டதற்குச் சாட்சியாக மண்டையோட்டுத் துண்டோடு சேர்த்து வெட்டிய கொம்புகளை ரேஞ்சரிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். பெட்டையைச் சுட்ட பாரஸ்டர்களைப் பதவி இறக்கியிருக்கிறார்கள். எனக்கு இது எல்லாம் தெரியும். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான்.

மானைச் சுட வேண்டும் என்ற ஆசை எனக்கு இயல்பாக வந்ததல்ல. பாரஸ்டர் குடியிருப்பின் முன்னறைச் சுவர் அதைக் கிளப்பிவிட்டது. எனக்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் ஆளுக்கு ஒரு ஜோடிக் கொம்பைச் சுவரில் மாட்டி, கீழே பலகையில் தங்கள் பெயரின் முதலெழுத்துகளைச் சுட்டெழுதி வைத்திருந்தார்கள். ஏழாவது ஆணி வெறுமனே இருந்தது. யார் அடித்து வைத்தார்களோ தெரியாது. காலையில் காபி குடிக்கும்போதெல்லாம் அந்த ஆணி எனக்கு எதிரே இருந்தது. பி.ஏ. படித்தவனை ஓர் ஆணி இவ்வளவு தூரம் ஆட்டிவைக்கும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

கூப்பில் என்னோடு தமிழ் பேசக் கிடைத்தவர் ஒரே ஒருவர், கூப்பைக் காவல் காக்கும் வாட்சர். ராமாபுரத்துக்காரர். ராமாபுரம் அப்போது மைசூர் ராஜ்யத்தில் இல்லை. மலைக்கு அந்தப்பக்கம், கோயம்புத்தூர் ஜில்லா, வெள்ளைக்காரன் சீமை. நிலத்தில் ஒன்றும் விளையாமல் போக, மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் மலையைத் தாண்டி வந்து தற்காலிக வாட்சராகச் சேர்ந்தார். சேர்ந்து எட்டு வருஷம் ஆகியும் தற்காலிகம்தான். அயல் ராஜ்யத்துக்காரர் என்பதால் காகிதம் மைசூருக்கும் ரேஞ்ச் ஆபீசுக்குமாகப் போய்ப் போய் வந்தது. அவருக்கு நாற்பது வயது இருக்கும், எனக்கு இருபத்தைந்து. அவரை நான் 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். நாற்பத்தைந்து வருஷம் கழித்துக் கொடுக்கும் மரியாதை.

நான் அங்கே போய்ச் சேர்ந்த வருஷம் அவரை நிரந்தரமாக்கும் காகிதம் ஒருவழியாக மைசூரிலிருந்து கிளம்பி ரேஞ்சர் மேஜைக்கு வந்துவிட்டது. ரேஞ்சர் கையெழுத்துப் போட வேண்டியது மட்டும் பாக்கி. நிரந்தரமானால் கூப்பு ஓரத்தில் ஓட்டு வீடு, வயதான காலத்தில் பென்ஷன். அவர் அதிகம் பேசியது பெல்ட்டைப் பற்றித்தான். தற்காலிக வாட்சர்கள் கையில் சிவப்புத் துணி கட்டிக்கொள்வார்கள். நிரந்தர வாட்சருக்குத் தோல் பெல்ட், அதில் மைசூர் ராஜ முத்திரையான இரட்டைத் தலைக் கண்டபேருண்டப் பட்சி பொறித்த பித்தளைத் தகடு. பெல்ட்டுக்கு அளவு எழுதி அனுப்பச் சொல்லி ஆபீசிலிருந்து குறிப்பு வந்தது. நான் டேப்பை எடுத்தேன்.

"மூச்ச இழுத்துட்டு அளக்கறதுங்களா, உட்டுட்டு அளக்கறதுங்களா?" என்று கேட்டார்.

"சாதாரணமா நில்லு."

"சாதாரணமா நின்னுதானுங்க எட்டு வருசம் ஆச்சு" என்றார்.

முப்பத்திரண்டு அங்குலம் என்று எழுதி அனுப்பினேன்.

மானைச் சுடும் முறையையும் அவர்தான் சொன்னார். கூப்பில் மறைந்து நிற்க ஒரு மரம் இல்லை. ஆள் நடந்தால் கால் மைலுக்கு அப்பாலேயே மான் பார்த்துவிடும். ஆனால் தினமும் விறகு ஏற்றிப்போகும் மாட்டு வண்டிகளை அவை லட்சியம் செய்வதில்லை. வண்டி இருபது கஜத்தில் போனாலும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மேயும். அதனால் விறகு ஏற்றிய வண்டியின் மறைவில், சக்கரத்தோடு சக்கரமாக நடந்துபோக வேண்டும். வண்டி நிற்கக்கூடாது. நின்றால் மானுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"வண்டிய அதுக நம்புதுங்க" என்றார்.

எனக்கு அந்த வார்த்தையில் ஒன்றும் உறுத்தவில்லை. நல்ல யோசனை என்றுதான் பட்டது.

ஒரு காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால், காண்டிராக்டரின் வண்டி ஒன்றை வாங்கி அவரே ஓட்டினார். நான் இலாகா துப்பாக்கியோடு வலது சக்கரத்தின் மறைவில் நடந்தேன். கூப்பின் கிழக்கு மூலையில் ஒரு மந்தை மேய்ந்துகொண்டிருந்தது. பதினைந்து இருபது இருக்கும். மந்தையிலிருந்து விலகி, காய்ந்த கிளைக் குவியல் ஒன்றின் பின்னால், ஒரு மான் தலையைத் தூக்கி நின்றது. முகமும் கழுத்தும் தெரிந்தன. தலைக்கு மேல் இரண்டு பக்கமும் அழகாக வளைந்து மூன்று மூன்று கிளையாகப் பிரிந்த கொம்பு. சுவரில் இருக்கும் ஆறு ஜோடியிலும் அதைப் போல ஒன்று இல்லை.

வாட்சர் மாட்டை அதட்டுகிற குரலிலேயே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"பொறுங்க சாமி. தலைய அசைக்கட்டுமுங்க. தலை அசைஞ்சா கொம்பும் அசையோணும். அசைலீன்னா அது கொம்பில்லீங்க, வெறகு."

அவர் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. தெளிவாகவே விழுந்தது. பின்னாளில் நானே பல தடவை, சக்கரச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று எனக்குச் சொல்லிக்கொண்டு பார்த்தேன். ஒட்டவில்லை. கேட்டது. அந்தக் கொம்பு என் ஆணிக்கென்றே வளர்ந்தது என்ற நினைப்பில் சுட்டேன்.

மான் விழுந்தது. கொம்பு விழவில்லை. கிளைக் குவியலின் மேல் அப்படியே நின்றது. தேக்கங்கிளை.

மந்தை ஓடிவிட்டது. கிட்டே போய்ப் பார்த்தோம். வாட்சர் மானைப் பார்த்தார், கிளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பொட்டைங்க" என்றார்.

"தெரியுது."

"கெளை நல்லா இருக்குதுங்க. ஆணியில மாட்டுனாத் தெரியாது."

அவர் கேலிதான் செய்தார். அந்தக் கேலியில் கோபம் இல்லை. இந்தச் சின்ன உத்தியோகஸ்தனுக்கு வந்த ஆபத்தை எப்படிச் சமாளிப்பது என்று அவர் மனது ஏற்கெனவே யோசிக்க ஆரம்பித்திருந்தது. வேலையில் சேர்ந்து ஏழாவது மாதம். பதவி இறக்கினால் பாரஸ்ட் கார்டு ஆகிவிடுவேன். மைசூரில் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் எனக்குத் தோன்றிய முதல் நினைப்பு. மானைப் பற்றி நினைத்ததாக ஞாபகம் இல்லை.

இறைச்சியை மரம் வெட்டும் கூலிக்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்கும் ஒரு பங்கு வந்தது. நன்றாக இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும். தோலைப் புதைத்தோம்.

சுடாமல் இருந்துவிட்டதாகச் சொல்ல வழி இல்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்டிருக்கிறது, தோட்டா ஒன்று குறைந்திருக்கிறது, கூப்பு முழுக்க மான்கறி மணக்கிறது. ஆகவே சுட்டது கிடா என்று காட்டக் கொம்பு வேண்டும். வாட்சரின் குடிசைக் கூரையில் இரண்டு கொம்புகள் செருகியிருந்ததை நான் பார்த்திருந்தேன். மான்கள் வருஷா வருஷம் தாமாக உதிர்க்கும் கொம்புகள். அவருடைய மனைவி அதைக் கல்லில் உரைத்துக் குழந்தைகளுக்கு வீக்கம் வந்தால் பற்றுப் போடுவாள். உதிர்ந்த கொம்பும் இலாகாவின் சொத்துதான், கிடைத்தால் ஒப்படைக்க வேண்டும். எல்லா வாட்சர் குடிசையிலும் ஒன்றிரண்டு இருக்கும், யாரும் கேட்பதில்லை. நான் கேட்டேன்.

அவர் உடனே எடுத்துவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு நின்றார்.

"சாமி, இது ரெண்டும் ஒரே பக்கத்துக் கொம்புங்க. வேற வேற மானு. அதுவும் தானா உளுந்தது. அடியப் பாத்தாலே தெரியுமுங்க. ரேஞ்சரு கண்டுபுடிச்சுருவாரு."

"அவர் மேல்கோட்டை ஐயங்கார். வெங்காயம்கூடத் தொட மாட்டார். அவருக்கு மானும் ஒண்ணுதான் ஆடும் ஒண்ணுதான்."

"என்னமோ பாத்துக்குங்க."

நான் இரண்டு கொம்புகளின் அடிப்பாகத்தையும் ரம்பத்தால் அறுத்து, அரத்தால் தேய்த்து, மண்டையோட்டிலிருந்து பிரிந்தது போல் செய்தேன். குண்டு பட்டு மண்டை சிதறிவிட்டதால் கொம்புகள் தனித்தனியே கிடைத்தன என்று இங்கிலீஷில் ஒரு ரிப்போர்ட் எழுதினேன். என் வாழ்நாளில் இவ்வளவு கவனமாக நான் வேறு எந்தக் கைவேலையும் செய்ததில்லை.

திங்கட்கிழமை ரேஞ்சர் கூப்பைப் பார்வையிட வந்தார். ஐம்பது வயது, நெற்றியில் நாமம், காலில் பூட்ஸ், கையில் குடை. துப்பாக்கியைக் கையால் தொட்டவர் இல்லை. ஆனால் இருபது வருஷமாக, ஏலத்துக்கு வரும் மான்கொம்பு அத்தனையையும் தன் கண்ணால் பார்த்து ரகம் பிரித்தவர். இதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

முன்னறையில் மேஜைமேல் கொம்புகளை வைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒன்றை எடுத்தார். மற்றதை எடுத்தார். இரண்டையும் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"உட்காரும்" என்றார். உட்கார்ந்தேன்.

"இதோ பாரும், கொம்பு நுனியில வரிவரியா இருக்கே, என்ன இது?"

"தெரியலை சார்."

"முள்ளம்பன்றி கடிச்ச பல். காட்டுல விழுந்து கிடக்கிற கொம்பைத்தான் அது கடிக்கும். இந்த மான் உயிரோட இருக்கச்சேயே முள்ளம்பன்றி வந்து கடிச்சுதா? இது பேசாம தலையைக் குனிஞ்சு கொடுத்துண்டு நின்னுதா?"

நான் கொம்பு நுனியைக் குனிந்து பார்த்தேன்.

"போகட்டும். சாது மான்னு வெச்சுப்போம். இதுக்கு ரெண்டும் இடது கொம்பா இருக்கே, அது எப்படி? பி.ஏ. படிச்சவர் நீர், நீர்தான் சொல்லணும்."

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டு வாக்கியம். பெட்டையைச் சுட்டுவிட்டேன், பயந்து பொய் செய்தேன். அவர் கத்தக்கூடியவர் அல்ல. ஆனால் என் வாயிலிருந்து வேறு இரண்டு வாக்கியம் வந்தது. கொம்பை வெட்டி எடுக்கும் வேலையை வாட்சரிடம் விட்டேன், அவர் கொண்டுவந்து கொடுத்ததைப் பார்க்காமல் வைத்துவிட்டேன் என்றேன். முன்கூட்டி யோசித்து வைத்ததல்ல. யோசித்து வைத்தது போல் சரளமாக வந்தது.

ரேஞ்சர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"அப்போ நல்ல கொம்பை அவன் எடுத்துண்டு, இதை உம்மகிட்டே கொடுத்துட்டான்."

"அப்படித்தான் தோணுது சார்."

"எழுதிக் கொடும்."

எழுதிக் கொடுத்தேன். 'வாட்சர் கொம்புகளை மாற்றியதாகத் தோன்றுகிறது' என்ற பொருள்பட இங்கிலீஷில் எழுதினேன். 'தோன்றுகிறது' என்ற சொல்லில் எனக்கு ஒரு சின்ன நிம்மதி இருந்தது. நான் பொய் சொல்லவில்லை, எனக்குத் தோன்றியதைத்தான் சொல்கிறேன் என்பது போல.

அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இன்னொரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். வாட்சரை நிரந்தரமாக்கும் உத்தரவு. "இன்னிக்கு இதுல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டுப் போகலாம்னு கொண்டுவந்தேன். இப்போ இதுவும் உம்ம காகிதமும் ஒரே பையில கிடக்கு. வியாழக்கிழமை ஆபீசுக்கு வாரும். அவனையும் அழைச்சுண்டு வாரும். அதுக்குள்ள உம்ம ரிப்போர்ட்டுல சேர்க்கறதுக்கோ அடிக்கறதுக்கோ ஏதாவது இருந்தா யோசிச்சு வையும்."

கூப்பில் நாற்பது கூலிக்காரர்கள் இருந்தார்கள். எல்லோரும் அந்த மானைத் தின்றவர்கள். யாரை வேண்டுமானாலும் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் உண்மை தெரிந்திருக்கும். அவர் யாரையும் கேட்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் வாட்சர் வழக்கம்போல் வேலை செய்தார். ரிப்போர்ட்டில் நான் என்ன எழுதினேன் என்று அவரிடம் சொல்லவில்லை. ஆனால் ரேஞ்சர் உத்தரவில் கையெழுத்துப் போடாமல் திரும்பிப் போனதும், இரண்டு பேரையும் வரச் சொன்னதும் அவருக்குப் போதுமாக இருந்திருக்கும். நான் முன்னறையில் உட்கார்ந்து இன்னொரு காகிதத்தில் உண்மையை எழுதிப் பார்த்தேன். இங்கிலீஷில் எழுதினால் மிகவும் நன்றாக வந்தது. இரண்டு தடவை திருத்தினேன். பிறகு அடுப்பில் போட்டேன்.

வியாழன் காலை விறகு வண்டி ஒன்றில் ஏறிப் போனோம். அவர்தான் ஓட்டினார். வெளுத்த வேட்டி, வேலைக்குச் சேர்ந்தபோது தைத்த கோட்டு. வழியில் கிழக்கு மூலையில் மான் ஏதும் இல்லை. தூரத்தில் காட்டோரமாக நாலைந்து நின்றன. வண்டியைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டன.

பாதி வழியில் சொன்னார்:

"சாமி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேள்."

"அந்தக் காயிதத்துல கையெளுத்து உளுந்துட்டாப் போதுமுங்க. வேற ஒண்ணும் கேக்கலீங்க. என்ற மேல என்ன எளுதியிருந்தாலும் சரி, அது மட்டும் உளுகற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. ஊருக்குத் திரும்பிப் போனா அங்க ஒண்ணுமில்லீங்க."

"பாக்கலாம்" என்றேன்.

இந்த 'பாக்கலாம்' என்ற சொல்லை உத்தியோகத்தில் சேர்ந்த ஏழு மாதத்தில் நன்றாகப் பழகியிருந்தேன்.

ரேஞ்சர் ஆபீசில் மேஜைமேல் இடது பக்கம் என் ரிப்போர்ட், வலது பக்கம் வாட்சரை நிரந்தரமாக்கும் உத்தரவு, நடுவில் இரண்டு கொம்பு. ரேஞ்சர் வாட்சரைப் பார்த்துக் கேட்டார், தமிழிலேயே.

"ஏம்ப்பா, பாரஸ்டர் எழுதியிருக்கார், நீ கொம்பை மாத்திட்டேன்னு. மாத்தினியா?"

வாட்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். ஒரு சோப்புக் கம்பெனி காலண்டர். அதில் இருந்த அம்மாளின் புடவைக் கரை என்ன நிறம் என்று இன்றும் என்னால் சொல்ல முடியும்.

"சாமி எளுதியிருந்தா சரியாத்தானுங்க இருக்கும்" என்றார் வாட்சர்.

"அவர் எழுதினதைக் கேக்கலை. நீ என்ன சொல்றேன்னு கேக்கறேன்."

"எனக்கு எளுதப் படிக்கத் தெரியாதுங்க."

அவர் எனக்கு வழி விட்டுக்கொண்டிருந்தார். பொய்யும் சொல்லவில்லை, என்னைக் காட்டியும் கொடுக்கவில்லை. ஒரு வண்டியை ஓரம் கட்டி இன்னொரு வண்டிக்கு இடம் கொடுப்பது போல. நான் அந்த வழியில் போயிருக்க வேண்டும்.

ரேஞ்சர் என் பக்கம் திரும்பினார். "சேர்க்கறதுக்கு ஏதாவது உண்டா?"

"இல்லை சார்."

"அடிக்கறதுக்கு?"

"இல்லை சார்."

அவர் பேனாவை மையில் தோய்த்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். மை ஒரு சொட்டு மேஜையில் விழுந்தது. துடைத்தார். பிறகு வலது பக்கத்துக் காகிதத்தைக் குறுக்காக ஒரு கோடு போட்டு அடித்தார். இலாகா சொத்தை வைத்திருந்ததற்காகவும் மாற்றியதற்காகவும் வாட்சரை வேலையிலிருந்து நீக்கி இன்னொரு காகிதம் எழுதினார். எழுதி முடித்ததும் என்னைப் பார்க்காமல், "உமக்கு இலாகாவில நல்ல எதிர்காலம் இருக்கு" என்றார். அது பாராட்டில்லை என்பது எனக்கு அப்போதே புரிந்தது.

மறுநாள் வாட்சர் குடும்பம் கிளம்பியது. மலையைத் தாண்டி நடந்து போனார்கள். நான் குடியிருப்பிலிருந்து வெளியே வரவில்லை. ஜன்னல் வழியே பார்க்கவும் இல்லை. ஆகவே அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

மூன்று வாரம் கழித்து மைசூரிலிருந்து பெல்ட் வந்தது. நிரந்தர உத்தரவு ரத்தானது ஒரு பிரிவுக்குத் தெரியும், பெல்ட் தைக்கும் பிரிவுக்குத் தெரியாது. முப்பத்திரண்டு அங்குலம், புதுத் தோல், பளபளவென்று கண்டபேருண்டம். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். புது வாட்சராக வந்தவர் பருத்த மனிதர். போட்டுப் பார்த்தார், எட்டவில்லை. அவருக்கு வேறு வரவழைத்தோம். இது என் அலமாரியில் கிடந்தது. இரண்டு வருஷம் கழித்து எனக்கு உயர்வோடு மாற்றல் வந்தபோது, பெல்ட்டை ஒப்படைக்காமல் என் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். முப்பது வருஷ உத்தியோகத்தில் நான் இலாகாவிலிருந்து எடுத்துக்கொண்ட ஒரே பொருள் அது. ஏழாவது ஆணி வெறுமனேதான் இருந்தது. அதற்குப் பிறகு நான் மானைச் சுடவில்லை. இதை நல்ல குணம் என்று சில பேர் எண்ணிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

அந்த ரேஞ்சர் சுதந்திரத்துக்கு முன்னாலேயே காலமானார். பிறகு ராஜ்யம் போயிற்று, எல்லை மாறிற்று, ராமாபுரமும் மைசூரோடு சேர்ந்தது. வாட்சர் கடைசியில் மைசூர்க்காரர் ஆகிவிட்டார். அதற்கு ஒரு கையெழுத்தும் வேண்டியிருக்கவில்லை. நான் ரிடையரான பிறகு ஒரு நாள் பெல்ட்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு கொள்ளேகால் வழியாகப் பஸ் பிடித்து ராமாபுரம் போனேன். அவர் இருப்பாரா என்பதே தெரியாது. விசாரித்ததில், காட்டிலாகாவில் இருந்த கிழவரா என்று கேட்டு உடனே வீட்டைக் காட்டிவிட்டார்கள். எட்டு வருஷம் தற்காலிகமாக இருந்த வேலை அவருக்கு ஊரில் பட்டப்பெயராக நின்றிருந்தது.

வீட்டுக்கு முன்னால் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரை. என்னைப் பார்த்ததும் இடிப்பதை நிறுத்தினார்.

"பாரஸ்டர் சாமிங்களா. வாங்க. ஒடம்பு பெருத்துட்டீங்க."

காபி வந்தது. பெண்கள் இருவரையும் பக்கத்து ஊரான கௌதள்ளியில் கட்டிக்கொடுத்திருப்பதாகச் சொன்னார். மனைவி காலமாகிப் பத்து வருஷம் என்றார். திரும்பி வந்த புதிதில் எப்படிச் சமாளித்தார் என்று கேட்டேன். "ஊராங்காட்டுல கூலிக்குப் போனமுங்க, நாலு பேரும்" என்றார். ஊராங்காடு என்றால் அடுத்தவர் நிலம், நாலு பேரும் என்றால் அந்தக் குழந்தைகளையும் சேர்த்து. அவர் அதை விளக்கவில்லை.

நான் பொட்டலத்தைப் பிரித்துப் பெல்ட்டை அவர் மடியில் வைத்தேன். அவர் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பித்தளைத் தகட்டை வேட்டித் தலைப்பால் துடைத்தார். எழுந்து நின்று இடுப்பில் சுற்றிப் பார்த்தார். இரண்டு சுற்று வரும் போல இருந்தது, அவ்வளவு வற்றிப்போயிருந்தார்.

"அப்ப முப்பத்திரெண்டுங்க" என்றார்.

"ஆமா."

உட்கார்ந்து பெல்ட்டைச் சுருட்டினார். வெகுநேரம் அதைச் சரியாக வட்டமாகச் சுருட்டுவதிலேயே இருந்தார். பிறகு சொன்னார்:

"அது கொம்பில்லீங்கன்னு நான் சொன்னனுங்க."

"சொன்னீங்க."

"ரேஞ்சரு கண்டுபுடிச்சுருவாருன்னும் சொன்னனுங்க."

"ஆமா. சொன்னீங்க."

"பொறகு வண்டியில ஒண்ணு கேட்டனுங்க."

"கேட்டீங்க."

அவர் காத்திருந்தார். பஸ்ஸில் வரும் வழி முழுக்க நான் தயார் செய்துகொண்டு வந்திருந்த வார்த்தைகள் இருந்தன. தமிழில்தான் தயார் செய்திருந்தேன். ஆனால் அவருக்குத் தெரியாத விஷயம் அதில் ஒன்றுகூட இல்லை. அவரிடம் ஒப்புக்கொள்வதற்கு என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். ஒப்புக்கொள்ள வேண்டிய இடம் ஒரு மேஜைக்கு முன்னால் இருந்தது, அந்த வியாழக்கிழமை. மன்னிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அது சொன்ன மாதிரியே இல்லை. காபி நன்றாக இருக்கிறது என்பதுபோல வந்தது.

அவர் சுருட்டிய பெல்ட்டை என் கையில் திருப்பி வைத்தார்.

"இது எனக்கு வந்ததில்லீங்க. கையெளுத்துப் போட்டு வாங்குனது நீங்கதானுங்களே. நீங்களே வெச்சுக்குங்க. நாலரை வண்டிய உட்டீங்கன்னா அப்பறம் காலைலதானுங்க" என்று எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூட வந்து, நான் ஏறும் வரை நின்றார்.

பெல்ட் இப்போது மைசூரில் என் வீட்டு முன்னறையில் ஓர் ஆணியில் தொங்குகிறது. பித்தளை கறுத்துவிட்டது. வருகிறவர்கள் அது யாருடையது என்று கேட்பார்கள். என்னுடையதுதான், பழைய காட்டிலாகாச் சாமான் என்று இதுவரை சொல்லி வந்திருக்கிறேன்.